மாலை கழற்றிய மறுநாள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், தருமபுரத்தைக் கடந்தபின் வரும் விசுவமடுச் சந்தியிலே, கார்த்திகை மாதத்து மழையிருட்டு விலகாத அதிகாலைகளில், கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாய்த் தேநீர்க் கடை வாங்கில் அமர்ந்திருக்கும் ஐயப்ப அடியார்களைக் காணும்போதெல்லாம், அவர்களுள் ஒருவராய்ப் பல ஆண்டுகள் இருந்த ஓர் உழவு இயந்திரச் சாரதியின் நினைவு எனக்கு வருவதுண்டு. மற்றை நாள்களில் அந்தியானால் கள்ளுத் தவறணையிலும், தவறணை பூட்டியபின் கசிப்பு விற்கும் வளவுகளிலுமே காணப்பட்டவர் அவர்; அவரைக் கண்டதும் கடைக்காரர் கடன் கொப்பியை எடுத்து மேசைமேல் வைப்பது வழக்கம். மாலை போட்ட நாள்தொட்டு அதே கடைக்காரர், "சாமி, இதிலை இருங்கோ" என்று தோளிற் கிடந்த துவாயால் வாங்கைத் துடைத்துவிடுவார். வீட்டிலே மனைவி முழுகிச் சமைத்த சோறு முதலில் அவருக்கே படைக்கப்படும்; பிள்ளைகளும் தகப்பனைச் "சாமி" என்றே அழைப்பர். நாற்பத்தொரு நாளும் ஒரு சொட்டு அவர் நாவிற் படாது. மாலை கழற்றிய மறுநாள் பின்னேரம் தவறணையின் பின்புறத்துப் பலாமரத்தடியில் அவரைக் காணலாம்.

நாற்பத்தொரு நாள் குடியாதிருக்க வல்ல உடம்பு நாற்பத்திரண்டாம் நாள் ஏன் தோற்கிறது என்று நான் கேட்டபோதெல்லாம், "வைராக்கியம் காணாது" என்னும் ஒரே விடையைத்தான் ஊரார் தந்தனர். வைராக்கியம் இல்லாத ஒருவன் நாற்பத்தொரு நாள் தாக்குப்பிடித்தது எங்ஙனம் என்ற எதிர்வினாவுக்கு எவரும் மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அதற்கான மறுமொழி, இவ்வூரார் கண்ணாலும் காணாத ஒரு வஸ்துவின் சரித்திரத்தைப் படித்தபோதே கிடைத்தது. அவ்வஸ்து கொக்கெயின்.

தென் அமெரிக்காவின் அந்தீசு மலைவாசிகள் கொக்கா என்னும் செடியின் இலையைச் சுண்ணாம்போடோ சாம்பலோடோ சேர்த்துக் கன்னத்தில் அடக்கி மெல்லும் வழக்கம் மிகப் புராதனமானது. வெற்றிலைத் தட்டத்தில் சுண்ணாம்புக் கிண்ணம் வைத்து விருந்தினரை வரவேற்கும் நமக்கு அது விநோதமாய்த் தோன்ற நியாயமில்லை. இலையாக இருந்தவரையில் மலையேறுவோனின் களைப்பையும் பசியையும் தணித்ததற்கு மேலாகப் பெருங்கேடு விளைக்காத அது, 1860ஆம் ஆண்டளவில் அல்பேட் நீமன் என்ற ஜெர்மானிய இரசாயன வித்தியார்த்தி அதன் சாரத்தை வெண்படிகமாகப் பிரித்தெடுத்தபின் வேறொரு பொருளாகிவிட்டது. 1884இல் வியன்னா நகரத்து இளம் வைத்தியரான சிக்மண்ட் பிராய்ட் அதனைப் புகழ்ந்து ஒரு நிபந்தம் எழுதினார். அதே ஆண்டு அவருடைய சகவைத்தியரான கார்ல் கொல்லர், அதன் துளிகள் கண்ணை மரக்கச் செய்யும் என்று காட்டி, கண் சத்திரசிகிச்சையின் வேதனையை ஒழித்தார். இவ்விரு செய்திகளினும் நம் விஷயத்துக்கு நெருங்கியது மூன்றாவது ஒன்று. பிராய்டின் நண்பரான ஏர்ண்ஸ்ட் பொன் பிளெய்ஷல் என்னும் அறிஞர், பெருவிரல் துண்டிக்கப்பட்ட நோவுக்காக மோர்பின் ஏற்றிக்கொள்ளத் தொடங்கி அதற்கு அடிமையாகியிருந்தார். அவ்வடிமைத்தளையை அறுக்கும் மருந்தென்று பிராய்ட் அவருக்குக் கொக்கெயினைக் கொடுத்தார். பிளெய்ஷல் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் மாண்டார். கொக்கெயின் உலகுக்கு அறிமுகமானபோதே போதை நோய்க்கு மருந்து என்ற வேஷத்தில் வந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று.

நம் பக்கத்து நாடுகளுக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தையும் பீகாரையும் சேர்ந்த நகரங்களிலே, தாம்பூலத்துள் ஒரு சிட்டிகை கொக்கெயினைப் பொதிந்து மெல்லும் பழக்கம் பரவியது; பாகல்பூரைச் சேர்ந்த ஒரு ஜமீன்தார் பல்நோவுக்காகப் பூசக் கொடுக்கப்பட்ட மருந்தின் சுகத்தைக் கண்டு அதனைத் தொடர்ந்து உண்டதே அப்பழக்கத்தின் ஆரம்பம் என்று அக்கால வைத்தியர்கள் எழுதினர். அது மெய்யோ கதையோ, சுண்ணாம்போடு சேர்ந்தால் அதன் வேகம் மிகும் என்ற இரகசியத்தை, அந்தீசு மலையையே அறியாத வெற்றிலைப் பிரியர்கள் தாமாகவே கண்டுபிடித்துக்கொண்டனர். ஆங்கில அரசாங்கம் உத்தரவுச் சீட்டு முறையையும், அஞ்சல் வழி இறக்குமதித் தடையையும், அபராதத்தையும், சிறையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரயோகித்தது. பொதிகளோ துறைமுகங்கள் வழியே வந்துகொண்டேயிருந்தன. 1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆர். என். சோப்ரா முதலியோர் இதனை ஆராய்ந்து எழுதியபோதும் அவ்வழக்கம் மறைந்திருக்கவில்லை. இலங்கையிலும் பேராதனைத் தாவரவியற் பூங்காவழியாகக் கொக்காச் செடி வந்து, சிறிய அளவில் பயிராகி இலையாக ஏற்றுமதியானதுண்டு. ஆயினும் தேயிலையின் இலாபத்துக்கு முன் அது நிலைக்கவில்லை. 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் அபினோடும் கஞ்சாவோடும் கொக்கெயினையும் சேர்த்துக் கட்டியது. சட்டம் பிடித்தது, அடித்தது, அடைத்தது. பிடிபட்டவனைப் பழைய மனிதனாக்குவது எப்படி என்பது சட்டப்புத்தகத்தில் எழுதப்படவில்லை.

அவ்வினாவை நம்மவர் வேறோர் இடத்திலே எழுப்பியிருந்தனர். ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்திற் கள்ளுண்ணலுக்குத் தனிப் பாடம் வைத்தார். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனரிமாரும் அவர்களுக்கு எதிர்வரிசையில் நின்ற சைவப் பிரசாரகரும், மற்றெல்லாவற்றிலும் முரண்பட்டவர்கள், மது ஒன்றைக் கண்டிப்பதில் மாத்திரம் ஒரே குரலிற் பேசினர். 1904ஆம் ஆண்டு தொடக்கம் சிங்கள நாட்டில் மூண்ட மதுவிலக்கு இயக்கமும், 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தால் ஊர்தோறும் தவறணைகள் பெருகும் என்றெழுந்த எதிர்ப்பும், அதன்பின் வந்த உள்ளூர் வாக்கெடுப்பு முறையும் வடபகுதியையும் அசைத்தன; ஊரவர் வாக்களித்துத் தம் தவறணையைத் தாமே மூடிக்கொள்ளலாம் என்பது அக்காலத்தில் அற்புதமான அதிகாரமாய்த் தோன்றியிருக்க வேண்டும். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கைப் பற்றியும் எடுத்துரைத்தார். மேடையில் ஏறிச் சத்தியம் பண்ணுவதும், அட்டையிற் கையொப்பமிடுவதும், கோயிற் கற்பூரத்தை அணைத்துப் பிரதிக்கினை செய்வதும் அந்நாளையச் சிகிச்சைகள்.

வன்னியிலே அச்சிகிச்சைக்குப் பெயர் நேர்த்தி. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கும், விசுவமடுவுக்கு அண்மையில் உள்ள புளியம்பொக்கணை நாகதம்பிரானின் பொங்கலுக்கும் நேர்ந்துகொண்டு, பாற்செம்பு எடுத்தோ காவடி தூக்கியோ தீரும்வரை மச்சமாமிசமும் மதுவும் தீண்டாதிருந்தோர் எத்தனையோ பேர். கார்த்திகை மாலை அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் அது நடப்பட்ட நிலம் பழைய நேர்த்தியே.

இவ்வூர் உண்டான விதமும் ஈண்டுக் கூறத்தக்கது. காடும் குளமும் சில பழங்குடிகளுமாயிருந்த இப்பகுதியில், 1960களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்து இளைஞர்களைக் கொண்டுவந்து, குளத்து நீரையும் காணித் துண்டையும் கொடுத்துப் பயிர் செய்விக்கும் இளைஞர் குடியேற்றத் திட்டம் தொடங்கிற்று. 1970இல் பதவிக்கு வந்த அரசாங்கம் மிளகாயையும் வெங்காயத்தையும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைக் கட்டுப்படுத்தவே, விசுவமடுவின் செத்தல் மிளகாய்க்குத் திடீரென்று பொன்விலை வந்தது. முற்றத்திலும் வீதியோரத்திலும் சிவப்புக் கம்பளம் விரித்தாற்போல மிளகாய் காய்ந்த அந்நாள்களைப் பெரியவர்கள் இன்றும் நாத்தழும்பச் சொல்வர். கொழும்பு லொறி வந்து நின்று, சாக்குகளை நிறுத்து ஏற்றிக்கொண்டு, நோட்டுக் கட்டைக் கையில் வைத்துவிட்டுப் போகும். தாய் தகப்பனைவிட்டு வந்த இருபது வயதுப் பிள்ளைகள், கையில் மொத்தக் காசு, பொழுதுபட்டால் போக்கிடமில்லை. சாராயப் போத்தல் இக்குடியேற்றத்துள் எந்த வாயிலால் நுழைந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. 1977க்குப் பின் இறக்குமதி திறக்கப்பட்டு மிளகாயின் விலை விழுந்தது. காசு போயிற்று, பழக்கம் நிலைத்துவிட்டது. விடுதலைப் புலிகளின் நிருவாகம் வன்னியில் நடந்த காலத்திற் கசிப்புக் காய்ச்சுவோருக்குக் கடுந்தண்டனை இருந்தது. காய்ச்சுவோர் குறைந்தனர், ஒழியவில்லை. 2009இன் தொடக்கத்தில் போரினால் ஊரே வெறுமையாயிற்று. செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டு வந்தவர்கள் தகரக் கொட்டில்களில் வாழ்க்கையை மறுபடி தொடங்கியபோது, அவர்களுடைய துக்கத்தை வாங்கிக்கொள்ள முதலில் வந்தவன் கசிப்புக்காரன்.

நேர்த்தியின் பலமும் பலவீனமும் எவை என்பதை விளங்கிக்கொள்ள, மேனாட்டார் இத்துறையிற் செய்த பரிசோதனைகள் எனக்குத் துணையாயின. உயிர்களின் நடத்தை அதன் பயனால் ஆளப்படுகிறது என்று, புறாக்களையும் எலிகளையும் கூண்டில் வைத்து நிறுவிய பி. எப். ஸ்கின்னரின் சித்தாந்தத்திலிருந்து கிளைத்தவை அவை. ஒரு செயலின் பின் இன்பமான பயன் கிடைத்தால் அச்செயல் பெருகும். பயன் கிடையாதாயின் தேயும். அவ்வளவே சூத்திரம். மதுவோ கொக்கெயினோ கொடுக்கும் பயன் உடனடியானது, நிச்சயமானது; குடியாதிருப்பதன் பயனோ தூரத்தில் உள்ளது, சந்தேகமானது. நல்ல பிள்ளை, கட்டின வீடு, கெடாத ஈரல் ஆகியவை பத்து வருஷத்துக்குப் பின் வருபவை. தவறணை இன்று பின்னேரமே திறந்திருக்கிறது. ஆகையால் குடியாத நாளுக்கும் ஒரு பயன் அன்றன்றே கிடைக்கும்படி வாழ்க்கையை ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது அவர்களுடைய துணிபு.

அதனைக் குடிகாரர்மீது முதலிற் செவ்வையாகப் பிரயோகித்தவர்கள், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து அன்னா அரசாங்க வைத்தியசாலையில் இருந்த ஜோர்ஜ் ஹண்டும் நேதன் அஸ்ரினும் ஆவர். 1973இல் அவர்கள் பிரசுரித்த பரிசோதனையில் இருந்தவர்கள் பதினாறு பேரே. அவர்களுள் எட்டுப் பேருக்கு வழமையான சிகிச்சையோடு வேறு சில காரியங்களும் செய்யப்பட்டன: வேலை தேடிக் கொடுத்தல், கணவன் மனைவியரை எதிரெதிரே இருத்திப் பேச வைத்தல், குடும்பமற்றவருக்கு உறவுகளை உண்டாக்கிக் கொடுத்தல் முதலியன. வேலை கொடுப்போர் அழைத்தால் அகப்படும்படி வீட்டில் தொலைபேசி வைப்பித்தார்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள். இவற்றுள் என் மனத்தை ஈர்த்தது ஒன்றுண்டு. அவ்வூரிலே முன்பு மதுக்கடையாயிருந்த ஒரு கட்டடத்தை எடுத்து, அதை ஒரு கழகமாக மாற்றி, பாட்டும் சீட்டாட்டமும் நடனமும் விருந்துமாய் வாரவிறுதி மாலைகளில் அவர்களைக் கூட்டினார்கள். குடித்துவிட்டு வந்தவனுக்கு மாத்திரம் வாயில் அடைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் நூற்றுக்கு 79 நாள்கள் குடித்திருந்தார்கள். மற்றவர்கள் 14 நாள்கள்.

கொக்கெயின் 1980களில் அமெரிக்க நகரங்களை நெருப்பாய்ப் பற்றியபோது வைத்தியர்கள் ஓர் இக்கட்டில் அகப்பட்டார்கள். அபினும் ஹெரோயினும் உண்பவனுக்கு மெதடோன் என்ற மாற்று மருந்து இருந்தது. கொக்கெயினுக்கு அத்தகைய மருந்து எதுவும் அகப்படவில்லை, இன்றுவரை அங்கீகரிக்கப்பட்டதாக ஒன்றும் இல்லை. மருந்தில்லாத நோய் என்பதனாலேயே நடத்தைச் சிகிச்சைக்கு அது பரீட்சைக் களமாயிற்று. வெர்மொன்ட் பல்கலைக்கழகத்து ஸ்டீவன் ஹிக்கின்ஸ் என்பவர், அஸ்ரினின் முறையோடு ஒரு புதுமையைச் சேர்த்தார். நோயாளி திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் வந்து சிறுநீர் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கொக்கெயின் இல்லாத முதற் சோதனைக்கு இரண்டரை டொலர் பெறுமதியான ஒரு சீட்டு. அடுத்தது சுத்தமாயின் அதைவிட ஒன்றேகால் டொலர் அதிகம். அதற்கடுத்தது அதனினும் அதிகம். தொடர்ந்து மூன்று சுத்தமாயின் மேலும் பத்து டொலர். ஒருதரம் தவறினாற் பெறுமதி மீண்டும் இரண்டரைக்கு இறங்கிவிடும். பன்னிரண்டு வாரமும் தவறாதவனுக்குச் சேர்வது 997 டொலரும் 50 சதமும். இக்காசு அவன் கையிற் கொடுக்கப்படுவதேயில்லை. அவன் விரும்பும் பொருளை வைத்தியசாலையார் கடைக்குச் சென்று வாங்கிக் கொடுப்பர்: மீன்பிடி அனுமதிச் சீட்டு, துவிச்சக்கர வண்டியின் உதிரிகள், புகைப்படக் கருவி, மாலை வகுப்புக்கான கட்டணம். கொக்கெயின் இல்லாத வேறொரு பொழுதுபோக்கிற்கு அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்காத எதுவும் அங்கீகரிக்கப்படாது.

காசாகக் கொடாமையின் காரணத்தை நம் மிளகாய்க் காலத்தைக் கண்டவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. லொறிக்காரன் நோட்டுக் கட்டை நீட்டிய கணத்திலேயே போத்தலின் நினைவு வந்துவிடும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். கையிற் காசு என்பதே ஒரு தூண்டுகோல் என்று ஹிக்கின்ஸ் முதலியோர் ஆய்ந்து அறிந்தனர்.

1993இல் வெளியான பரிசோதனையில் இம்முறைப்படி சிகிச்சை பெற்ற பத்தொன்பது பேரில் நூற்றுக்கு 58 வீதத்தினர் இருபத்துநான்கு வாரத்தையும் முடித்தார்கள்; வழமையான போதனைச் சிகிச்சை பெற்ற பத்தொன்பது பேரில் 11 வீதத்தினரே முடித்தார்கள். அடுத்த ஆண்டு, சீட்டு ஒன்றை மாத்திரம் விலக்கிவிட்டு மற்றெல்லாவற்றையும் இரு சாராருக்கும் சமமாகக் கொடுத்துப் பார்த்தபோது, முடித்தவர்கள் சீட்டுப் பெற்றோரில் 75 வீதம், பெறாதோரில் 40 வீதம். சீட்டு வேலை செய்கிறது என்பதில் ஐயம் இல்லாமற்போயிற்று. கனெக்டிக்கட்டில் நான்சி பெட்ரி என்னும் அம்மையார் இதன் செலவைக் குறைக்க ஒரு யுக்தி செய்தார். சுத்தமான சோதனைக்கு ஒரு கிண்ணத்தில் கைவிட்டுத் துண்டு எடுக்கலாம். துண்டுகளிற் பாதி வெறும் பாராட்டு மாத்திரம் எழுதியவை, மற்றவை பெரும்பாலும் ஒரு டொலர்ப் பொருள்கள், ஒன்றே ஒன்று நூறு டொலர்ப் பரிசு. கோயிற் திருவிழாக் கடையில் அதிட்டச் சீட்டு இழுத்த எவருக்கும் அதன் கவர்ச்சி விளங்கும்.

குடியாதவனுக்கும் தூள் உறிஞ்சாதவனுக்கும் கூலி கொடுப்பதா, இது இலஞ்சமல்லவா என்று முகஞ்சுளித்தோர் அங்கும் இருந்தனர், இங்கும் இருப்பர். எனக்கு அவ்வபிப்பிராயத்தில் உடன்பாடில்லை. கார்த்திகை மாதத்தில் நம் கடைக்காரர் வாங்கைத் துடைத்துச் "சாமி" என்றழைத்தாரே, அது கூலியன்றி வேறென்ன? மனைவி முதற்சோற்றைப் படைத்ததும், பிள்ளைகள் பயபக்தியோடு விலகி நின்றதும் அன்றன்று கிடைத்த சீட்டுக்கள். ஹிக்கின்ஸ் டொலரால் வாங்கிய பயனை நம் ஊர் மரியாதையால் வாங்கிக் கொடுத்தது. மாலை கழுத்திற் கிடந்தவரை அது தினந்தோறும் தவறாது வந்தது. மாலையைக் கழற்றியதும் ஊர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. மறுநாட் காலை அவர் தேநீர்க் கடைக்குப் போனபோது மேசைமேல் இருந்தது கடன் கொப்பி. தவறணை மாத்திரம் தன் பழைய பயனை நிறுத்தாமல் வைத்திருந்தது.

நேர்த்தியின் இரண்டாவது பலவீனம் இதனினும் ஆழமானது. நேர்த்தி முறிந்தால் முழுவதும் முறிந்ததே. இடையில் ஒருநாள் நண்பனின் வற்புறுத்தலால் ஒரு கிளாஸ் குடித்தவன், "எல்லாம் பிழைச்சுப் போச்சு" என்று மாலையையும் கழற்றிவிட்டு, முன்னையிலும் மோசமாகக் குடித்ததை நான் கண்டிருக்கிறேன். அமெரிக்க உளவியலாளரான அலன் மார்லட் 1985இல் ஜூடித் கோர்டனோடு சேர்ந்து வெளியிட்ட நூலில் இதனையே விரிவாக ஆராய்ந்தார்: தவறிய கிளாஸைவிட, தவறிவிட்டோம் என்ற எண்ணமே மனிதனைக் கவிழ்க்கிறது. வெர்மொன்ட் முறையில் ஒரு நுட்பம் இருந்ததை மேலே கூறாது விட்டேன். தவறியவனின் சீட்டு இரண்டரை டொலருக்கு இறங்கும். ஆயினும் அவன் மறுபடி தொடர்ந்து ஐந்து சோதனைகளிற் சுத்தமாயிருந்தால், விழுந்த இடத்திலிருந்த பெறுமதியே அவனுக்குத் திரும்பக் கொடுக்கப்படும். முன்பு சம்பாதித்ததும் பறிக்கப்படாது. தண்டனையும் உண்டு, மீளும் படிக்கட்டும் உண்டு. நம் நேர்த்தியிற் படிக்கட்டு இல்லை; அதிகம் போனால் அடுத்த கார்த்திகை உண்டு.

சீட்டு முறையையும் குறையற்றதென்று நான் கூறமாட்டேன். சீட்டு நின்றபின் பலன் தேய்கிறது என்பதை அதன் ஆதரவாளரே ஒப்புக்கொண்டனர். யேல் பல்கலைக்கழகத்துக் கத்லின் கரோல் அம்மையார் வேறு வழியாக நோயாளிக்கு அவனுடைய பழக்கத்தையே பாடமாகக் கற்பித்தார்: எந்த நேரத்தில், எந்தச் சந்தியில், யாரைக் கண்டதும், எந்த மனநிலையில் ஆசை எழுகிறது என்று அவனே ஆராய்ந்து, அந்தச் சந்தியைத் தவிர்க்கவும், ஆசை வந்து போகும்வரை தாங்கவும், "வேண்டாம்" என்று ஒருவன் முகத்துக்கு நேரே சொல்லவும் பயிலுதல். இதன் பலன் உடனே தோன்றாது. சிகிச்சை முடிந்து மாதங்கள் சென்றபின்னும் வளர்ந்துகொண்டு போவதை அவர் கண்டார். சீட்டு ஆளைப் பிடித்து வைத்திருக்க, பாடம் அவனை நிலைநிறுத்த வேண்டும் என்பதே என் துணிபு.

தமிழ்நாட்டிலே இதற்கு அண்மித்த ஒரு முயற்சி நடந்தது. கணவரை மதுவால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் கணவருடைய பெயரால் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். நகரத்து நிலையத்துக்கு வர இயலாத கிராமத்துக் குடிகாரர்களுக்கு என்ன வழி என்று சிந்தித்து, தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி என்னும் ஊரில், ஊரவரின் ஆதரவோடு, ஊருக்குள்ளேயே, பதினைந்து நாள் முகாமை நடத்தினார். குழுவாக இருந்து பேசுதல், மனைவிமாருக்குத் தனிக் கூட்டம், முகாம் முடிந்தபின் திரும்பத் திரும்ப வந்து விசாரித்தல் என்பனவே அதன் அங்கங்கள். நோயாளியை ஊரிலிருந்து பிரித்து எங்கோ கொண்டுபோய்த் திருத்தித் திருப்பி அனுப்பாமல், அவன் விழுந்த ஊரையே அவனைத் தூக்கும் கருவியாக்கியதில் அஸ்ரினின் சாயல் இருந்தது. 1994இல் ஓர் ஆங்கில வைத்தியச் சஞ்சிகையில் மஞ்சக்குடி அனுபவம் என்ற பெயரிலேயே அது வெளிவந்தது.

நம் நாட்டின் வழி பெரும்பாலும் வேறாயிருந்தது. ஹெரோயின் தென்னிலங்கையிற் பரவியபின் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நிறுவப்பட்டது. அது ஆலோசனையோடு கூடிய சில சிகிச்சை நிலையங்களை நடத்திவருவது உண்மை. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் நோயாளியைக் கட்டாயமாக நிலையத்தில் வைக்க வழிசெய்தது. பொலநறுவையைச் சேர்ந்த கந்தக்காட்டு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் கலவரமுண்டாகி நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடியதைப் பத்திரிகைகள் எழுதின. 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியபின் கைதுகள் மலையெனக் குவிந்தன. கொக்கெயின் இந்நாட்டுக்குப் பெரும்பாலும் வழிப்போக்கனாகவே வருகிறது. கொழும்புத் துறைமுகத்திற் சீனிக் கொள்கலன்களுள் ஒளிந்து வந்து பிடிபட்டதும், கைப்பற்றப்பட்டவற்றிற் பெருந்தொகை 2018 ஜனவரியிற் பகிரங்கமாக அழிக்கப்பட்டதும் நினைவிருக்கும். விசுவமடுவின் வளவுகளுக்கு வந்தது அதன் மலிவான தம்பி. "ஐஸ்" என்று பிள்ளைகள் சொல்லும் அந்தப் படிகமும் கொக்கெயினைப் போலவே ஊக்கி. கொக்கெயினைப் போலவே அதற்கும் மாற்று மருந்து கிடையாது. ஆகவே வெர்மொன்டிலும் அன்னாவிலும் கற்றவை, தூரத்து நாட்டுச் செய்தி என்று தள்ளத்தக்கவையல்ல. ஐஸ் பாவித்த பிள்ளையைத் திருத்த இன்று உலகில் உள்ள கருவிகளுள் மிக நன்றாகச் சோதிக்கப்பட்டது இச்சீட்டு முறையே.

இதற்கு ஆயிரம் டொலர் எங்கே என்று கேட்பர். டொலர் இல்லாமற் செய்யக்கூடியது நம்மிடம் உண்டு. கார்த்திகை தோறும் நாற்பத்தொரு நாள் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஊர்தோறும் சனசமூக நிலையம் என்றொரு கட்டடம் உண்டு. எங்கள் பகுதியில் உள்ளதில் ஒரு கரம் பலகையும், கால் உடைந்த இரு வாங்குகளும், நாள் பிந்திய பத்திரிகைகளும் இருக்கின்றன. சுவரிலே நிலையத்தின் ஆரம்பகாலத் தலைவர்களின் படங்கள் தொங்குகின்றன. அதன் திறப்பு ஒரு பெரியவரிடம் இருக்கிறது. அவர் பொறுப்பானவர், நேரந் தவறாதவர். பின்னேரம் நாலு மணிக்குத் திறந்து, விளக்கு வைக்கும் நேரத்தில், ஆறு மணிக்கு, பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். உழவு இயந்திரங்கள் வயலிலிருந்து திரும்புவதும் ஆறு மணிக்குத்தான்.

நிலையத்தை நடத்தும் பெரியோர்களிடம் என் விண்ணப்பம் இது: அந்தத் திறப்பை இன்னுமொருவரிடமும் கொடுங்கள், ஒன்பது மணிவரை திறந்திருக்கட்டும். வாரத்துக்கு இருமுறை கரம் பலகையைச் சுற்றி ஓர் இளைஞர் கூட்டம் சேரட்டும். குடித்துவிட்டோ உறிஞ்சிவிட்டோ வருபவனை அன்றைக்கு மாத்திரம் திருப்பியனுப்பி, நாளைக்கு வா என்று சொல்லுங்கள். அவன் நாளைக்கு வந்தால், மாலை இல்லாத அவன் கழுத்தைப் பாராமல், வாங்கைத் துடைத்துவிட்டு இருக்கச் சொல்லுங்கள்.